இரும்பு மனிதர்களுக்கு இன்னொரு நூல் வேண்டுமா?

வெலோமினாட்டி என்பது சாலை சைக்கிள் பந்தயத்தை ஏறக்குறைய ஒரு சமயமாகவே கொண்டாடும் ரசிகர் குழு. 2013-இல் 'தி ரூல்ஸ்' என்ற நூலை அவர்கள் கொண்டுவந்தார்கள். காலுறையின் உயரம் முதல் மழையில் வண்டி எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் விதி வகுத்த நூல் அது. பாதி வேடிக்கை, பாதி பக்தி. அதன் ஐந்தாம் விதிதான் உலகெங்கும் பரவியது. முனகுவதை நிறுத்திவிட்டு நெஞ்சைக் கெட்டிப்படுத்திக்கொள் என்பது அதன் சாரம். 2017-இல் இரண்டாவது நூல் வந்தது: 'தி ஹார்ட்மென்'. பந்தய வரலாற்றின் இரும்பு மனிதர்களைப் பற்றியது.

முதலில் விதி, அப்புறம் அந்த விதிக்குச் சாட்சியாகக் கதைகள். இந்த வரிசைதான் என்னை உறுத்துகிறது. விதியை நிலைநாட்டக் கதை தேடுகிறவருக்கு, விதிக்கு இடைஞ்சலாக இருக்கும் பாதி கண்ணில் படாது. ஒரு நூலின் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பியப் பத்திரிகைகள் வளர்த்துவிட்ட எழுத்து மரபு இது. அந்த மரபில் இன்னொரு நூல் வரத்தான் வேண்டுமா, வந்தால் எந்த நிபந்தனையோடு வரவேண்டும் என்பதே இங்கே கேள்வி.

நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வென்றவர் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களை இந்த வகை நூல்கள்தான் நினைவில் வைத்திருக்கின்றன. 2018 டூர் டி பிரான்ஸில் முதல் நாளே விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்ட லாசன் கிராடக், அந்த வலியோடு மூன்று வாரமும் ஓட்டிக் கடைசி ஆளாக, 145-ஆவதாக, பாரிஸ் வந்து சேர்ந்தார். புயலில் சேதமடைந்த ஹூஸ்டன் சைக்கிள் அரங்கத்துக்கு அந்த ஓட்டத்தின் மூலமே நிதியும் திரட்டினார். புள்ளிவிவர ஏட்டில் அது ஒரு எண். நல்ல எழுத்தாளர் கையில் அது முழு அத்தியாயம்.

ஆனால் இந்த மரபின் பெருமைக்குரிய படங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஃபியோரென்சோ மான்யியின் படத்தை எடுத்துக்கொள்வோம். 1956-இன் ஜிரோ டி இத்தாலியாவில் விழுந்து இடப்பக்கக் காறை எலும்பை உடைத்துக்கொண்டார். அந்த ஆண்டோடு ஓய்வு என்று அறிவித்திருந்தவர். கடைசி ஜிரோவைப் பாதியில் விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. பொலோன்யாவின் சான் லூக்கா ஏற்றத்தில் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்க இடக்கையில் வலு இல்லை. மெக்கானிக் ஃபாலியேரோ மாசி ஒரு டியூபை ஹேண்டில்பாரில் கட்டிக் கொடுத்தார். மறுமுனையைப் பல்லில் கடித்து இழுத்தபடி மான்யி ஏறினார். பிறகு ஒரு இறக்கத்தில் மறுபடி விழுந்து மேற்கை எலும்பும் உடைந்தது. மயங்கியவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நினைவு திரும்பியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஜூன் 8 அன்று மான்டே பொண்டோனேயில் பனி கொட்டியபோது வீரர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். அந்த நாளையும் ஜிரோவையும் ஷார்லி கால் வென்றார். மான்யிக்கு இரண்டாமிடம்.

பல்லில் டியூபோடு மேலே பார்க்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்து நெகிழாதவர் இருக்க முடியாது. ஆனால் போர்க்காலத்தில் மான்யி பாசிசத் தரப்பில் நின்றவர். 1944 ஜனவரியில் வாலிபோனாவில் எதிர்ப்புப் போராளிகள் மீது நடந்த தாக்குதல் தொடர்பான வழக்கை எதிர்கொண்டு, தண்டனை இல்லாமல் வெளியே வந்தவர். அதே ஆண்டுகளில் இன்னொரு சைக்கிள் வீரரான ஜினோ பார்த்தாலி, யூதர்களைக் காப்பாற்றுவதற்கான ஆவணங்களை சைக்கிள் சட்டகத்துக்குள் மறைத்துக் கொண்டுபோனதாக 2013-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. அதற்கான சான்றுகளையும் வரலாற்றாசிரியர்கள் சிலர் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரே மேசையில் வைத்தால்தான் இத்தாலியின் அந்தத் தலைமுறை விளங்கும். டியூபை மட்டும் காட்டுகிறவர் பாதியைத்தான் காட்டுகிறார்.

உறுதியை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த தெளிவான விடை 1980-ஆம் ஆண்டின் பெர்னார் ஈனோ. அந்த ஏப்ரல் 20 அன்று பெல்ஜியத்தின் லியேஜ்-பாஸ்டோன்-லியேஜ் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில் பனி விழ ஆரம்பித்தது. 174 பேர் கிளம்பினார்கள், 21 பேர் முடித்தார்கள். ஈனோ கடைசி எண்பது கிலோமீட்டரையும் தனியே ஓட்டி, இரண்டாவதாக வந்த ஹென்னி கைப்பரைவிட 9 நிமிடம் 24 வினாடி முன்னதாக வந்து சேர்ந்தார். இரண்டு விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பவே இல்லை. இரும்பு மனிதர் நூல் எதுவும் இந்தக் காட்சியைத் தவற விடாது.

அவை தவற விடுவது வேறொன்று. அன்று பாதி வழியில், தன் அணியில் மிஞ்சியிருந்த ஒரே தோழரான மோரிஸ் லெ கியூவோடு ஈனோ ஒரு முடிவு எடுத்திருந்தார்: வியெல்சாம் உணவுச் சாவடி வரும்போதும் பனி கொட்டிக்கொண்டிருந்தால் விலகிவிடுவது. பனி சற்று விட்டதால்தான் தொடர்ந்தார். அதாவது அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டவில்லை. எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்து வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். அதே ஆண்டு ஜூலையில், டூரில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் ஜெர்சி தன் உடம்பில் இருக்கும்போதே, முழங்கால் தசைநார் வீக்கத்தால் போ நகரில் இரவோடு இரவாகப் பந்தயத்தை விட்டு வெளியேறினார். யோப் ஸூட்டமெல்க் அந்த டூரை வென்றார். பத்திரிகைகள் ஈனோவை விடவில்லை, முடிந்துபோன ஆள் என்றுகூடச் சந்தேகித்தன. ஆகஸ்ட் 31 அன்று சலான்ஷில், கடினமான மலைச் சுற்றில், அவர் உலகச் சாம்பியன் ஆனார். ஐந்தாம் விதிப்படி பார்த்தால் ஜூலை ஒரு தோல்வி. என் கணக்கில் ஏப்ரலில் வேலை செய்த அதே அறிவுதான் ஜூலையிலும் வேலை செய்தது. முழங்காலை அன்று காப்பாற்றியிருக்காவிட்டால் சலான்ஷும் இல்லை, 1981-இல் வென்ற பாரிஸ்-ரூபேயும் இல்லை.

காவியா கணவாயும் இதையே வேறு முகத்தோடு சொல்கிறது. 1988 ஜூன் 5, ஜிரோ. 2,600 மீட்டருக்கு மேலே பனிப்புயல். யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு முதல் ஆளாக உச்சியைக் கடந்தார். இறக்கத்தில் உடம்பு விறைத்துப்போய், ஒதுங்கி நின்று சூடேற்றிக்கொண்டு, பொர்மியோ வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணியோ அன்று காலையிலேயே கடைகளில் குளிருடைகளை வாங்கிக் குவித்திருந்தது. கையில் முக்குளிப்போர் அணியும் நியோப்ரீன் உறை, தோலில் கம்பளிக் கொழுப்புப் பூச்சு. அன்றைய பந்தயத்தை எரிக் ப்ரூகிங்க் வென்றார். ஏழு வினாடி பின்னால் வந்த ஹாம்ப்ஸ்டன், ஜிரோவில் முன்னிலை வகிப்பவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியை எடுத்து, கடைசிவரை விடாமல் வைத்துக்கொண்டார். வான் டெர் வெல்டேயும் ஹாம்ப்ஸ்டனும் அனுபவித்தது ஒரே குளிர். அதை வென்றது முன்கூட்டி வாங்கிய கையுறை. அந்தக் கடை வேலையைச் செய்த அணி ஊழியர்களுக்கு, இன்னொரு நூல் வந்தால், அதில் ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும்.

வலி தாங்குவதற்கு விலை உண்டு. அந்த விலையைச் சொல்லாமல் போவது ஏமாற்று. எட்டி மெர்க்ஸ் 1975 டூரில் பார்வையாளர் ஒருவரிடம் வயிற்றில் குத்து வாங்கினார். பிறகு மோதி விழுந்து கன்ன எலும்பை உடைத்துக்கொண்டார். அதோடும் ஓட்டி இரண்டாவதாக முடித்தார். அது முட்டாள்தனம், தன் பந்தய வாழ்வைக் குறுக்கிவிட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். 2020 டூரில் ரோமேன் பார்டே தலை அடிபட்ட நிலையில் தொண்ணூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டினார். மூளை அதிர்ச்சி என்பது அன்று மாலைதான் உறுதியானது. பின்னர் மூளையில் சிறிய இரத்தக் கசிவும் தெரிந்தது. கால் உடைந்ததும் கை உடைந்ததும் வீரர் தானே எடை போடக்கூடிய சேதங்கள். மூளை அடிபட்டவரால் அந்த எடையைப் போட முடியாது, போடுகிற உறுப்பே கெட்டிருக்கிறது. தலைக்காயத்தோடு எழுந்து வண்டியைத் தேடுகிறவரை இனி வீரக்கதையாக எழுதுவது இளைஞர்களுக்குச் செய்யும் தீங்கு. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

ஊக்கமருந்து விஷயத்தில் இவ்வளவு கறார் கூடாது. டைலர் ஹாமில்டன் 2002 ஜிரோவில் தோள்பட்டை முறிவோடு ஓட்டினார். வலியில் பற்களை அரைத்து அரைத்தே தேய்த்துவிட்டு இரண்டாவதாக முடித்தார். மறு ஆண்டு டூரில் காறை எலும்பு விரிசலோடு ஒரு நாள் பந்தயத்தை வென்று நான்காமிடம் பெற்றார். மருந்து எடுத்ததைப் பிற்பாடு அவரே விரிவாக எழுதினார். யோஹான் மூசெயு 1998-இன் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் அரென்பெர்க் காட்டின் கல்பாவிய பாதையில் முழங்கால் சில்லை நொறுக்கிக்கொண்டார். புண் அழுகிக் காலே போகும் நிலை வந்தது. 2000-இல் அதே பாரிஸ்-ரூபேயை வென்று, கோட்டைக் கடக்கும்போது அந்த முழங்காலைச் சுட்டிக் காட்டினார். அவரும் மருந்தை ஒப்புக்கொண்டவர். இவர்களை நீக்கிவிட்டால் நூல் சுத்தமாகிவிடும், பொய்யாகவும் ஆகிவிடும். தேய்ந்த பல்லும் உண்மை, மருந்தும் உண்மை. ஒரு பாராவில் ஒன்றும் அடிக்குறிப்பில் இன்னொன்றும் என்று பிரிக்காமல், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு எழுதுகிறவருக்கு வேண்டும்.

இந்தக் கதைகள் எங்கிருந்து கிடைத்தன என்பதையும் கேட்டாக வேண்டும். டூர், 1903-இல் 'லோட்டோ' பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டத் தொடங்கியது. ஜிரோ, 1909-இல் 'லா கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்' தொடங்கியது. பந்தயத்தை நடத்துகிறவரே கதையையும் எழுதினார். துன்பம் எவ்வளவு கூடியதோ அவ்வளவு பத்திரிகை விற்றது. 1913 டூரில் தூர்மாலே மலை இறக்கத்தில் யூஜீன் கிறிஸ்தோஃபின் முன் ஃபோர்க் உடைந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்து சென்-மாரி-த-கம்பான் கிராமத்துக் கொல்லன் உலையில் தன் கையாலேயே பற்றவைத்தார். யாரும் உதவக் கூடாது என்பது விதி. துருத்தி ஊதிய சிறுவனின் உதவிக்காக அவருக்கு நேரத் தண்டனை விதித்தார்கள். கிறிஸ்தோஃபின் பொறுமையைப் பாராட்டுகிறோம், சரி. அந்தப் பொறுமையை வேண்டுமென்றே பிழிந்தெடுத்த விதியையும், அதை எழுதிய டூர் அமைப்பாளர் ஆன்றி தெக்ரான்ஜையும் பற்றி அடுத்த வரியில் பேசியாக வேண்டும். 1967 ஜூலை 13 அன்று டூரின்போது வென்டூ மலையில் வீரர் டாம் சிம்ப்சன் இறந்தபோது, தன்னை மறுபடி வண்டியில் ஏற்றச் சொன்னதாக ஒரு வசனம் பரவியது. அது ஒரு நிருபர் சேர்த்தது என்றே இன்று கருதப்படுகிறது. அவர் உடம்பில் ஆம்ஃபெடமினும் மதுவும் இருந்தன. வயது 29. இல்லாத வசனத்தை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு மரணம். அதை மரணமாகவே எழுத வேண்டும்.

பெண்களின் பங்கை எழுதாத நூலை நான் முழு நூலாக ஏற்க மாட்டேன். 1924 ஜிரோவில் அல்ஃபோன்சினா ஸ்த்ராடா ஆண்களோடு ஓட்டினார். ஹேண்டில்பார் உடைந்தபோது துடைப்பக்கட்டையைச் செருகிக்கொண்டு தொடர்ந்தார். நேர வரம்பைத் தாண்டிவிட்டதால் தரவரிசையிலிருந்து நீக்கினாலும் ஓட்ட விட்டார்கள். 90 பேரில் 30 பேரே முடித்த அந்தப் பந்தயத்தின் கடைசி ஊர்வரை அவர் வந்தார். இன்னும் பெரிய உதாரணம் இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன். ருபார்ப் பண்ணையில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவர். 1967-இல் பன்னிரண்டு மணி நேரப் போட்டியில் 277.25 மைல், சுமார் 446 கிலோமீட்டர், ஓட்டினார். ஆண்கள் பிரிவில் அன்று சாதனை படைத்துக்கொண்டிருந்த மைக் மக்னமாராவை வழியில் எட்டிப்பிடித்து, ஒரு அதிமதுர மிட்டாயை நீட்டிவிட்டுக் கடந்து போனார். அந்தத் தூரத்தைத் தாண்ட ஆண்களுக்கு 1969 வரை ஆனது, பெண்களுக்கு 2017 வரை. எலும்பு முறிவும் இல்லை, பனிப்புயலும் இல்லை. புகைப்படத்துக்கு உகந்த இரத்தம் இல்லாததாலேயே இந்த வகை எழுத்து அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. எழுதுகிறவர்களின் அளவுகோலில் உள்ள ஆகப் பெரிய ஓட்டை இது.

தீர்ப்புக்கு வருகிறேன். இன்னொரு நூல் வரத் தகுந்ததே, ஆனால் விதிநூலின் தொடர்ச்சியாக வந்தால் எனக்கு வேண்டாம். விதியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு வீரரும் என்ன தெரிந்து ஓட்டினார், யார் வகுத்த நிபந்தனையில் ஓட்டினார், பின்னால் என்ன கொடுத்தார் என்று கேட்கும் நூலாக வரவேண்டும். கிறிஸ்தோஃப், ஹாம்ப்ஸ்டன், ஸ்த்ராடா, பர்ட்டன் ஆகியோர் கேள்வியின்றி உள்ளே. மான்யி, போர்க்காலத்தோடு சேர்த்து. ஹாமில்டனும் மூசெயுவும் மருந்தோடு சேர்த்து. மெர்க்ஸின் 1975, அவர் சொன்ன வருத்தத்தோடு சேர்த்து. சிம்ப்சன், வசனம் இல்லாமல். ஈனோவுக்கு நீண்ட அத்தியாயம், ஏப்ரலும் ஜூலையும் அடுத்தடுத்த பக்கங்களில். ஜூலைக்கு இடமில்லை என்று பதிப்பாளர் சொன்னால், ஏப்ரலையும் எடுத்துவிடட்டும்.