மெட்டுக்குச் சொல், சொல்லுக்குக் கூலி

தமிழில் பாட்டு எழுதுவது என்றால் பெரும்பாலும் மெட்டுக்கு எழுதுவதுதான். மெட்டு முதலில் பிறக்கிறது. அது தத்தகாரமாகவோ, பொருளில்லாத டம்மி வரிகளாகவோ எழுதுபவரிடம் வந்து சேர்கிறது. அதன் ஏற்ற இறக்கத்துக்குள் பொருளையும் உணர்ச்சியையும் பேச்சின் இயல்பையும் உட்கார வைப்பது அவர் பொறுப்பு. தானே மெட்டுப் போட்டு, தானே எழுதி, தானே பாடுகிற சுயாதீனக் கலைஞருக்கும் வேலை இதுதான். அங்கே இரண்டு பேரும் ஒரே ஆள்.

இந்தக் கலையின் நுட்பம் அசைகளில் இருக்கிறது. ஒரு வரியின் கடைசியில் மெட்டு நீண்டு நிற்கிறது என்று கொள்ளலாம். அங்கே ‘காற்று’ என்ற சொல்லை வைத்தால் பாடுபவருக்குத் திண்டாட்டம். குற்றியலுகரம் குறுகி ஒலிக்க வேண்டியது. இழுத்தால் ‘காற்றூ’ என்று சொல் கெட்டுவிடும். ‘காற்றே’ என்று விளியாக்கினால் ஏகாரம் எவ்வளவு நேரமும் தாங்கும். தமிழ்த் திரைப்பாடல்களில் நிலவும் மலரும் மேகமும் ஓயாமல் கூப்பிடப்படுவதற்குக் காதலோடு இந்த நெடிலும் ஒரு காரணம். மெட்டு ‘தனனா’ என்று வந்தால் ‘மழையே’ சரியாக உட்காரும். ‘மேகமே’ உட்காராது, அதற்குத் ‘தானனா’ வேண்டும். தாளம் விழும் இடத்தில் வல்லினம் வந்தால் வரிக்கு முறுக்கேறும். தாலாட்டில் அதே வல்லினம் தூக்கத்தைக் கெடுக்கும். இத்தனையும் பார்த்த பிறகும், எதுகைக்காக இழுத்து வந்த சொல் என்று கேட்பவருக்குத் தோன்றக் கூடாது. 1959இல் 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் இன்றும் புதிதாகக் கேட்பதற்கு, உழைப்பவர்களின் பேச்சு அந்த மெட்டுகளில் கசங்காமல் இருப்பதே காரணம்.

இந்த நுட்பம் எதற்கும் தனியாகக் காசு கிடையாது. சந்தை பாட்டின் தரத்தை அளப்பதில்லை. அது கேட்கப்பட்ட தடவைகளை எண்ணுகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒரு பாட்டுக்கு இன்ன விலை என்று தருவதில்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தில் தளத்தின் பங்கு போக, மிச்சத்தை மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கின்றன. பெரிய படத்தின் பாட்டு எல்லோர் காதிலும் ஓடுகிற வாரத்தில், வீட்டு அறையில் பதிவான பாட்டின் பங்கு தூசியளவுதான். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதன் ஒலிப்பதிவுக்குப் பணம் கணக்கிடப்படும். யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. குறும் வீடியோக்களுக்கு வேறு அளவுகோல் உண்டு. புதியவரின் பாட்டு பலவும் இந்த வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

மேடையிலும் நிலைமை இதேதான். கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, ஓட்டல் மாலை நிகழ்ச்சி ஆகியவற்றில் பாடினால் கையில் காசு கிடைக்கும். ஆனால் அங்கே கேட்கப்படுவது தெரிந்த சினிமாப் பாட்டு. பாடியதற்கான கூலி பாடியவருக்கு; பாட்டுக்கான உரிமைத்தொகை அதை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியது. சொந்தப் பாட்டை நடுவில் ஒன்று நுழைப்பதே பெரும்பாடு. விளம்பரப் பாட்டுகளில் மொத்தத் தொகை ஒன்றைக் கொடுத்து விஷயத்தை முடித்துக்கொள்கிறார்கள். சினிமாவில் புதியவருக்குப் பெரும்பாலும் ஒரு படத்தில் ஒரு பாட்டுதான் வாய்க்கும். சம்பளமும் பாட்டுக் கணக்கில்தான்.

எஞ்சுவது உரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் ஒரு பாட்டு மூன்று படைப்புகள்: வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவு ஒலிப்பதிவு. மூன்றுக்கும் வெவ்வேறு உரிமையாளர்கள் இருக்கலாம். படத்துக்காகக் காசு வாங்கி எழுதிய பாட்டின் உரிமைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் எழுதியவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் முதல் சம்பளம் மட்டுமே. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் உரிமைத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்கும்படி ஒப்பந்தம் போட்டாலும் செல்லாது; சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே தரலாம். 1969இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் அப்படி ஒரு சங்கம். உறுப்பினர்களின் வரிகளும் மெட்டும் பயன்படும் இடங்களில் உரிமம் கொடுத்துத் தொகையை வசூலித்துப் பிரித்துத் தருகிறது.

தனியாகப் பாட்டு வெளியிடுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனங்கள் வழியாகப் பாட்டைத் தளங்களில் ஏற்றினால் வருவது ஒலிப்பதிவுக்கான பங்கு. அதற்கு அடையாளமாகப் பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் குறியீடு உண்டு. வரிகளுக்கும் மெட்டுக்குமான பங்கு வேறு வழியில் வருவது. சங்கத்தில் சேர்ந்து, பாட்டைப் பதிந்து, யார் எழுதியது, யார் மெட்டு என்று பங்கைக் குறித்திருந்தால்தான் அது வீடு தேடி வரும். நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய பாட்டில் பங்கை முன்கூட்டியே எழுதி வைக்காததால், பாட்டு ஓடத் தொடங்கியதும் நட்பு கெடுவது உண்டு.

உரிமையின் மதிப்பு தாமதமாகவே தெரியும் என்பதற்குப் பாரதியைவிடப் பெரிய சான்று இல்லை. தம் பாட்டுகளுக்கு ராகமும் தாளமும் குறித்து வைத்த அவர் வறுமையோடு போராடி 1921இல் இறந்தார். பிறகு அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் வந்தது; 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ படத்தில் அந்தப் பாடல்கள் ஒலித்துப் பெரும் வரவேற்பைப் பெற்றன. 1949இல் உரிமையை அரசு பெற்றது; பிறகு அதை நாட்டுக்குப் பொதுவாக்கியது.

இந்தியாவில் வரிக்கும் மெட்டுக்குமான பதிப்புரிமை படைத்தவரின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. இன்று ஐம்பது பேர் கேட்ட பாட்டை நாளை ஒரு படமோ பெரிய பாடகரோ எடுத்தாளலாம்; அப்போது அது யார் பெயரில் இருக்கிறது என்பதே கேள்வி. பாட்டையே நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாத அமெச்சூர் கலைஞர், மாதச் சம்பள வேலையை வைத்துக்கொண்டு எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. அவசரத்துக்குக் கிடைக்கிற சிறுதொகைக்கு உரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்காமல் இருக்க அந்தச் சம்பளமே அவருக்குத் துணை.