தட்டினாலும் பதில் வராத வாசல்

வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த இசையை வெளியூரிலிருந்து கேட்கப் பல வழிகள் உண்டு. வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கத்தின் வழியே கேட்பதுதான் அவற்றில் நேர்த்தியானது என்பேன். நாவிட்ரோம் போன்ற இசை சர்வரை இணையத்தில் நேரடியாகத் திறந்துவைத்தால், அதன் லாகின் பக்கம் ஊர் உலகத்துக்கே தெரியும். பாஸ்வேர்டை ஊகிக்கும் நிரல்கள் ஓயாமல் வந்து மோதும். வயர்கார்டோ, தனக்குத் தெரிந்த சாவியோடு வராத பாக்கெட்டுக்குப் பதிலே சொல்லாது. 2020இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த இந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பு சில வரிகள்தான்: 44 எழுத்துச் சாவிகள், முகவரி, போர்ட் எண். வைஃபை போய் மொபைல் டேட்டா வந்தாலும் இணைப்பு தொடர்கிறது. ஆலாபனை பாதியில் அறுவதில்லை.

இசைச் சேவைக்கு மாதச் சந்தா கட்டினால் போதுமே என்பார்கள். உரிமம் முடிந்தால் அங்கே பாட்டு காணாமல் போகும். கேசட்டிலிருந்து மாற்றிய பழைய சபா கச்சேரிகள் அங்கே வந்ததே இல்லை. டேட்டா கரையும் என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. ஃப்ளாக் இசைக் கோப்பை வீட்டு சர்வரே 128 கேபிபிஎஸ் ஓபஸ் வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். மணிக்கு 60 எம்பிக்குள் அடங்கும். மெய்யான தடை வேறு. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைக்கும் இணைய நிறுவனங்களின் இணைப்பில் வெளியிலிருந்து வீட்டை எட்ட முடியாது. அப்போது ஐபிவி6 வேண்டும், அல்லது வாடகைக்கு ஒரு சிறு சர்வர். நல்ல சேகரிப்பு வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு தகும்.