அட்டையில் இரண்டு ஓட்டைகள்

கதை ஒன்றுதான். அதற்கு ஏன் ஏழெட்டுப் பிரதி என்று வீட்டில் கேட்பார்கள். ஜேம்ஸ் பாண்ட் பேப்பர்பேக் சேர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று.

இயான் ஃபிளெமிங்கின் ‘கேசினோ ராயல்’ 1953இல் கெட்டி அட்டையில் வந்தது. 1955இல் பிரிட்டனில் பான் நிறுவனம் அதை மலிவுப் பதிப்பாக்கியது. அதே ஆண்டு அமெரிக்க பேப்பர்பேக்கில் தலைப்பையே ‘யூ ஆஸ்க்டு ஃபார் இட்’ என்று மாற்றிவிட்டார்கள். புத்தகம் ஒன்று, பெயர் இரண்டு. சேர்ப்பவனுக்கு இது போதாதா?

சேகரிப்பின் மணி, 1963இல் வந்த பான் ‘தண்டர்பால்’. அட்டையை வடிவமைத்தவர் ரேமண்ட் ஹாக்கி. வெற்றுத் தோலின் படம். அதில் குண்டு துளைத்த இரண்டு ஓட்டைகள். வரைந்தவை அல்ல, நிஜமாகவே வெட்டியவை. விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். கைபட்டுக் கைபட்டு ஓரம் கிழியும் இடமும் அதுதான். கிழியாத பிரதி கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி.

பிறகு அட்டையில் அச்சான விலையைப் பார்க்க வேண்டும். ஷில்லிங், பென்ஸ் மட்டும் இருந்தால் பழையது. 1971இல் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது. அதையொட்டி வந்தவற்றில் இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு தேசம் காசு எண்ணப் புதிதாகப் பழகிய கதை, உளவாளியின் முதுகில் அச்சாகியிருக்கிறது.