காட்டுத்தீச் சாம்பலும் காரின் பெயிண்டும்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

காட்டுத்தீயின் சாம்பல் காரின் மேல் படிந்திருந்தால் துணியைக் கையில் எடுக்காதீர்கள். டஸ்டரும் வேண்டாம், வைப்பரும் வேண்டாம். கவர், ஸ்ப்ரே, ஷாம்பு என்று வாங்குவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பார்வைக்குச் சாம்பல் மென்மையாகத் தெரியும். ஆனால் அதில் சிலிக்காத் துகளும் கரித்துண்டும் கலந்திருக்கும். மரச் சாம்பலில் கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் இருப்பதால், ஈரம் பட்டதும் அது காரக் கரைசலாகிவிடும். அதன் பிஹெச் அளவு 10ஐத் தாண்டுவது சாதாரணம். நம் பாட்டிமார் பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலை எடுத்துவைத்ததும் இதற்காகத்தான்: காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், துகள் கறையைச் சுரண்டும். பித்தளைக் குடம் அதைத் தாங்கும். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான் தடிமன்தான். அது தாங்காது.

இந்தக் கவர், ஸ்ப்ரே, ஷாம்பு எல்லாவற்றையும் நான் பயன்படுத்திப் பார்த்தது தெற்கு கலிஃபோர்னியாவில். 2025 ஜனவரி 7 அன்று பிடித்த பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சாண்டா ஆனா காற்று அந்தச் சாம்பலைப் பல மைல் தள்ளிக் கொண்டுவந்து கொட்டியது. அதை வெறும் மரச் சாம்பல் என்று நினைக்கக் கூடாது. பழைய வீடுகளின் ஈயப் பெயிண்ட், ஆஸ்பெஸ்டாஸ், எரிந்த கார்கள், பேட்டரிகள் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. அதனால் காரை நெருங்குமுன் என்95 மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை. குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

காரைக் கழுவியபின் தண்ணீரை விரட்ட பேட்டரி ப்ளோயர் எனக்குப் பிடித்த கருவி. பெயிண்டைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். சாம்பலை ஊதித் தள்ளவும் அதுவே சுலபம் என்று பலருக்குத் தோன்றும். ஆனால் அந்த ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி சுகாதாரத் துறை ப்ளோயர்களுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. தரையில் கிடக்கும் நஞ்சை மீண்டும் காற்றில் ஏற்றுவது அடுத்த வீட்டுக்காரரின் நுரையீரலுக்குள் அனுப்புவதாகும். ஒரு பானெட்டின் பளபளப்புக்காக அதைச் செய்யவே கூடாது.

கார் கவரைப் பற்றி நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. சுத்தமான காரின் மேல் முன்கூட்டியே போட்டிருந்தால், கனமான சாம்பலை அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் அடியோரத்து எலாஸ்டிக் வழியாக நுண்துகள் உள்ளே நுழைகிறது. பலத்த காற்றில் துணி படபடக்கும்போது அந்தத் துகள் பெயிண்டில் உரசுகிறது, பக்கவாட்டில் மெல்லிய கீறல்கள் விழுகின்றன. கழற்றும்போது ஓரங்களை உள்நோக்கி மடித்துச் சுருட்டினால்தான் மேலே கிடக்கும் சாம்பல் காரில் கொட்டாது. ஏற்கெனவே சாம்பல் படிந்த காருக்குக் கவர் போடுவது பெயிண்டுக்குச் செய்யும் கேடு. வெளியேறச் சொல்லி எச்சரிக்கை வந்திருக்கும் பகுதியில் கவரே வேண்டாம். அங்கே கார் உடனே கிளம்பத் தயாராக, சாலையைப் பார்த்து நிற்க வேண்டும்.

என்னைக் கவர்ந்தது செராமிக் ஸ்ப்ரேதான். பானெட்டில் ஒரு பாதிக்கு மட்டும் அடித்து, மறுபாதியை அப்படியே விட்டிருந்தேன். சாம்பல் இரண்டிலும் ஒரே மாதிரிதான் படிந்தது. வித்தியாசம் தண்ணீர் விட்டபோதுதான் தெரிந்தது. ஸ்ப்ரே அடித்த பக்கத்தில் குழாய்த் தண்ணீருக்கே சாம்பல் வழுக்கிக்கொண்டு போனது. மற்ற பக்கத்தில் சாம்பல் நிறப் படலம் ஒன்று பிடிவாதமாக ஒட்டியிருந்தது. விடியற்காலைப் பனியில் நனைந்து வெயிலில் காய்ந்த இடங்களில் விழும் வட்டக் கறைகள் இரண்டு பக்கமும் இருந்தன. ஆனால் ஸ்ப்ரே அடித்த பக்கத்தில் அவை குறைவு, ஷாம்புவுக்கே போய்விட்டன. கீறலை இது தடுக்காது. தடுக்கும் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். சில மாதங்களில் தேய்ந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். கடையில் கொடுத்துப் போடும் செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இனி கழுவும் முறை. முதலில் வெறும் தண்ணீர், நிறைய, கூரையிலிருந்து கீழ்நோக்கி. பிரஷர் வாஷர் என்றால் 40 டிகிரி விரியும் வெள்ளை முனையைப் போட்டு, தள்ளி நின்று அடியுங்கள். கண்ணாடிக்கு அடியில், வைப்பர் இருக்கும் பள்ளத்தில்தான் சாம்பல் அதிகம் தங்கும். காருக்குள் போகும் காற்றும் அந்த வழியாகத்தான் போகிறது. அங்கே பொறுமையாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், கேபின் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அடுத்து, நுரை பீய்ச்சும் ஃபோம் கேனனில் நடுநிலை பிஹெச் ஷாம்பு. காரத்தன்மை கொண்ட வீரியமான சோப்பு வேண்டாம், சாம்பலிலேயே காரம் போதுமான அளவு இருக்கிறது. நுரை காய்வதற்குள் அலசி, அதன் பிறகே கார் கழுவும் துணிக் கையுறையால் தொடுங்கள். இவ்வளவும் நிழலில், உலோகம் சூடு ஆறிய பிறகு.

ஃபோம் கேனன் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் சாம்பலுக்காக அதை வீட்டு வாசலில் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். இங்கே தெருவோர மழைநீர் வடிகால்கள் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராகக் கடலுக்குப் போகின்றன. காசு போட்டு நாமே கழுவிக்கொள்ளும் நிலையங்களில் கழிவுநீர் தனியாகப் பிடிக்கப்படுகிறது, பீய்ச்சும் அழுத்தமும் அங்கே உண்டு. சுவரில் தொங்கும் நுரைப் பிரஷ்ஷை மட்டும் தொடாதீர்கள். முன்னால் வந்த காரின் சாம்பல் அதில் இருக்கும். பாலிசேட்ஸில் தீயணைப்புக் குழாய்களே வறண்டுபோயின. தீ எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் தண்ணீர் தீயணைப்போருக்குத்தான் சேர வேண்டும். பெயிண்ட் காத்திருக்கட்டும்.

கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் செராமிக் ஸ்ப்ரேயை வாங்கி, தீக்காலம் தொடங்குமுன் அடித்துவிடுங்கள். கறை கிளியர் கோட்டையே அரித்திருந்தால், கழுவுமுன் படம் எடுத்துவைத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தீயால் வரும் சேதத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளும்.