உப்பு மிஞ்சிய பேச்சு

அரபு மொழியில் உப்புக்கு 'மில்ஹ்' என்று பெயர். அதே வேரில் பிறந்த 'முல்ஹா' என்னும் சொல் நகையும் நயமும் கலந்த பேச்சைக் குறிக்கும். உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணக் கரையில் வாழும் எமக்கு இவ்வுறவு நன்கு விளங்கும். அளவோடிருப்பின் சுவை, மிஞ்சினால் உண்ணவொண்ணாது.

நாடுகள் சுற்றுலாவுக்கென வெளியிடும் விளம்பரங்களுக்கும் இது பொருந்தும். 2002இல் தொடங்கிய 'இன்கிரெடிபிள் இந்தியா' விளம்பரம் நம் நாட்டை ஒரே அடைமொழியில் போற்றிற்று. மாலத்தீவோ, தன்னை வாழ்வின் வெயில்முகம் என்று அழைத்துக்கொண்டது. வெயிலில் நின்று உப்பு வாரும் எம்மூரார் கேட்டால் நகைப்பர்; எனினும் நல்ல கற்பனையே. இத்தகைய தற்புகழை அரபுப் புலவர் 'ஃபக்ர்' என்பர். பிறரை வைவது 'ஹிஜா'.

அண்டை நாட்டார் இவ்வாறு போட்டியிடுவது புதிதன்று. ஹிஜ்ரி 629இல் மறைந்த அந்தலூஸ் அறிஞர் அஷ்ஷகுந்தீ, கடலுக்கு அக்கரையிலுள்ள தான்ஜா நகரத்தாரொருவருடன் எவர் நாடு சிறந்ததென வாதிட்டு, அதனை ஒரு நிருபமாக எழுதினார். அதில் கூரிய ஏளனமும் உண்டு. ஆயினும் தம் நாட்டு அறிஞரையும் கவிஞரையும் நகரங்களையும் நிரல்படச் சான்று காட்டினார்.

2024 ஜனவரியில் நிகழ்ந்ததோ வேறு. பாரதப் பிரதமர் இலட்சத்தீவு சென்ற படங்கள் வெளிவந்ததும், மாலத்தீவுக்கு மாற்று இதுவே என்ற பேச்சு எழுந்தது. அதுவரை விளையாட்டே. பின்னர் மாலத்தீவின் துணை அமைச்சர் மூவர் இழிமொழி பதிவிட்டனர். அவ்வரசே அவர்களை இடைநீக்கம் செய்தது. இங்கும் புறக்கணிப்புக் கூக்குரல் ஓங்கிற்று. 2023இல் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அங்குச் சென்றனர். 2024இல் அத்தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டின் 60ஆம் சுதந்திர நாள் விழாவுக்கு நம் பிரதமரே விருந்தினராகச் சென்றார். ஆள்வோர் கைகுலுக்கிவிட்டனர், இடைக்காலத்தில் வருவாய் குன்றிய படகோட்டிக்கும் விடுதிப் பணியாளருக்கும் ஈடு செய்தவர் யார்?

இலட்சத்தீவைச் சேர்ந்த மினிக்காய் மக்களின் மஹல் மொழி, மாலத்தீவாரின் திவெஹி மொழியே. சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்தும் மாசி இரு தீவினருக்கும் பொது. நம் இல்லத்துச் சம்பலுக்கு மணமூட்டுவதும் அதுவே. எவர் மாசி உயர்ந்ததென அவர்கள் வாதிடட்டும். நாமும் சுவைத்துத் தீர்ப்புக் கூறுவோம். வசைமொழி எழுதுவோருக்கு அவையில் இடமளிக்க வேண்டா.