ஓடும் பிள்ளையை விடாமல் பிடிக்கும் கேமரா: கேனான் ஆர்10

ஏழு வயதுப் பிள்ளை மூச்சுப் பிடித்து ஓடினால் நொடிக்கு நான்கு மீட்டராவது போய்விடும். ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால் அதற்குள் அந்தப் பிள்ளை 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். படத்தில் முகம் கலங்கிவிடும். 1/1000 நொடி என்றால் நகர்வு 4 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் குறைந்ததும் செல்போன் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கிறது, பல படங்களை எடுத்து ஒன்றாகக் கோக்கிறது. கோயில் கோபுரத்துக்கு அது அருமையாகப் பொருந்தும். ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்கு ஒத்துவராது. மாலை ஆறு மணிக்கு எடுத்த விளையாட்டுப் படங்களில் கைகள் எல்லாம் புகைபோல இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் குறைக்குத் தீர்வு தேடும் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கேமரா கேனான் ஈஓஎஸ் ஆர்10. 2022 மே மாதம், தன் அண்ணனான ஆர்7 உடன் சேர்ந்து அறிமுகமானது. ஏபிஎஸ்-சி சென்சார், 24.2 மெகாபிக்சல். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 429 கிராம். 18-150 மி.மீ. லென்ஸோடும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடும் குடியிருப்பு மைதானத்திலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் இதை வைத்துப் படமெடுத்து வருகிறேன்.

விளம்பரங்கள் முன்னே நிறுத்துவது வேகத்தை: மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 15 படம், எலெக்ட்ரானிக் ஷட்டரில் 23 படம். என் பார்வையில் இந்தக் கேமராவின் உண்மையான பலம் ஃபோகஸ். அதைச் சர்வோ முறையில், அதாவது நகர்வதைத் தொடர்ந்து பின்பற்றும்படி வைத்து, கண்டறிய வேண்டியது மனிதர் என்று சொல்லிவிட்டால், சின்னக் கட்டம் ஒன்று பிள்ளையின் கண்ணில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிள்ளை திரும்பினால் தலையைப் பிடிக்கிறது, தூணுக்குப் பின்னால் ஒளிந்து மறுபக்கம் வந்தால் மறுபடியும் கண்ணைப் பிடிக்கிறது. பழைய எஸ்எல்ஆர் காலத்தில் நடுப்புள்ளியைக் குழந்தையின் முகத்திலேயே வைத்திருக்கப் படாத பாடு படுவோம். அதனால் படத்தின் நடுவில் முகம், மேலே பாதிக்கு வெறும் வானம் என்று ஒரே மாதிரி அமைந்துவிடும். இங்கே அந்த வேலை கையை விட்டுப் போகிறது. யார் யாரைத் துரத்துகிறார்கள், யார் இப்போது விழப்போகிறார்கள் என்று ஆட்டத்தைப் பார்க்க முடிகிறது. பிள்ளைகள் படத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கூட்டம் சேர்ந்தால் மட்டும் தடுமாற்றம். கபடியில் ஆறேழு பேர் ஒரே இடத்தில் புரளும்போது கட்டம் பக்கத்துப் பிள்ளையின் முகத்துக்குத் தாவிவிடும். எந்த முகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நாமே தேர்ந்து கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிறது. பிள்ளை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, முகம் இருண்டு கிடந்தாலும் கண்ணைத் தேடித் திணறுகிறது.

குதிக்கும் பிள்ளையை எடுக்கும்போது இன்னொரு கணக்கு வருகிறது. 20 சென்டிமீட்டர் உயரம் எழும்பும் பிள்ளை தரையை விட்டு உச்சிக்குப் போக எடுக்கும் நேரம் 0.2 நொடி. கண்ணால் கண்டு விரலை அழுத்த நமக்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. எழும்பியதைப் பார்த்து அழுத்தினால், கிடைப்பது இறங்கும் காட்சிதான். இதற்காகவே ஆர்10-ல் ரா பர்ஸ்ட் என்றொரு வசதி இருக்கிறது: நொடிக்கு 30 படம், அதோடு பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு அரை நொடி முன்பு நடந்ததையும் சேமித்துவிடுகிறது. பம்பரம் கயிற்றை விட்டுப் பிரியும் கணம், தண்ணீர் பலூன் உடையும் கணம் இவற்றுக்கு இது அற்புதம். எடுத்தவை எல்லாம் ஒரே கோப்பாகச் சேர்வதால், பிறகு உட்கார்ந்து வேண்டியதைப் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும்.

எலெக்ட்ரானிக் ஷட்டரை நம்பி எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். ரா பர்ஸ்ட்டும் இதில்தான் இயங்குகிறது. சென்சார் காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, அதுவும் சற்று மெதுவாக. அதற்குள் கிரிக்கெட் மட்டை சுழன்றுவிட்டால் படத்தில் மட்டை வளைந்திருக்கும். விரைந்து வரும் ஊஞ்சலின் கயிறும் அப்படியே. சத்தமே வராது என்பது பெரிய வசதிதான். மெக்கானிக்கல் ஷட்டர் படபடவென்று அடித்தால் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பி நின்று சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இருந்தாலும் நான் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே, மூன்று நான்கு படங்களாக விட்டு விட்டு எடுக்கிறேன். ஊஞ்சலுக்கு 1/1000 நொடி ஷட்டர்கூட வேண்டாம். இரண்டு முனைகளிலும் அது ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. அங்கே 1/250 போதும், தலைமுடி மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

பெரிய குறை லென்ஸில் இருக்கிறது. 18-150 லென்ஸ் முழு நீளத்தில் எஃப்/6.3 வரைதான் திறக்கும். பகலில் பிரச்சினை இல்லை. வெயில் தாழ்ந்த பின் 1/1000 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 12800-ஐத் தொட்டுவிடுகிறது, சின்ன முகங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் இதைவிட ஏறத்தாழ 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதே படம் ஐஎஸ்ஓ 1000-த்தை ஒட்டி முடிந்துவிடும். 160 கிராம்தான் எடை. நேராக நம்மை நோக்கி ஓடிவரும் பிள்ளையிடம் அதன் ஃபோகஸ் மோட்டார் கொஞ்சம் பின்தங்குகிறது என்றாலும், மாலை விளையாட்டுக்கு அதையே மாட்டுகிறேன். உடலுக்குள் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். அது நம் கையின் நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாது. இந்த வேலைக்கு அதை ஒரு பொருட்டாக நான் கருதவில்லை.

என் அமைப்பு எளிது: ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்சவரம்பு 6400. பக்கவாட்டில் விரியும் திரையைத் திறந்து கேமராவைப் பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு இறக்குகிறேன். நின்ற நிலையில் எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் கிடைக்கும். கீழிருந்து பார்க்கும்போது ஒரு சாண் குதித்தாலும் வானத்தில் பறப்பதுபோல் தெரிகிறது. சென்னைக் கடற்கரையில் மாலையில் சூரியன் ஊர்ப்பக்கம் சாய்வதால், அலையிலிருந்து நம்மை நோக்கி ஓடிவரும் முகங்களில் பொன்வெயில் விழும். காலையில் அதே இடத்தில் சூரியன் அவர்களுக்குப் பின்னால். முகம் இருண்டாலும் தெறிக்கும் நீர்த்துளிகள் ஒவ்வொன்றும் ஒளிரும். வேறு வீட்டுப் பிள்ளைகள் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்றால் பெற்றோரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

தூசி, ஈரம் புகாத காப்பு இந்த மாடலில் இல்லை. ஆகவே மணலில் நின்று லென்ஸை மாற்ற வேண்டாம். எல்பி-ஈ17 பேட்டரி சிறியது, இன்னொன்று பையில் இருக்கட்டும். ராவில் தொடர்ந்து அழுத்தினால் இரண்டு நொடிக்குள் திணறிவிடும். வேகமான யுஎச்எஸ்-2 கார்டு போட்டு, ஜேபெக்கில் எடுப்பது நல்லது.

மழையிலும் மைதானத்திலும் பள்ளி விளையாட்டு விழாவை எடுக்க வேண்டியவர்களுக்கு, காப்பும் இரண்டு கார்டு இடமும் உள்ள ஆர்7 பொருத்தம். வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஆர்10 போதும். பணம் அளவாக இருந்தால் பெரிய ஜூமைத் தள்ளிவைத்துவிட்டு, உடலையும் 50 மி.மீ. லென்ஸையும் மட்டும் வாங்குங்கள்.