சங்கிலியிட்ட சிங்கங்கள்

கடவுள் காப்பாராயின் மனிதன் முயல்வது எதற்கு? டுரியான் துங்கால் தோட்டத்தாரும் மலாக்கா நகரத்தாரும் கேட்கத்தக்க இவ்வினாவுக்கு, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிக’த்தின் வழியே விடை தேடுவோம். அதற்கு மூலமாகிய ஜான் பனியனின் 1678-ஆம் ஆண்டுக் கதையில் வழியருகே இரு சிங்கங்கள் நிற்கின்றன. அவை சங்கிலியாற் கட்டுண்டவை. பயணியோ சங்கிலியைக் காணான். நடுவழியே நடப்பவனுக்குத் தீங்கில்லை. சங்கிலியிட்டது அருள், அடியெடுத்து வைப்பவன் மனிதன்.

ஆயினும், உடன்வந்த நண்பன் சந்தை நகரிற் கொல்லப்படுகிறான். ஆகவே, காவல் என்பது உயிர் தப்புதல் அன்று எனக் கொள்கிறோம். ஜப்பானியர் ஆண்ட 1942–45-இல் சயாம் இரயில்பாதையில் மாண்ட தோட்டத் தமிழரை எண்ணுங்கால், ‘விதி’ எனக் கூறி அமைதல் தகாது. அவர்களை ஓட்டிச் சென்றவை மனிதர் கரங்களே. விருப்புரிமை உடையவன் பொறுப்பும் உடையவன்.